அங்கிட்டு யாரு இருக்கா?

வருடத்துக்கு ஒரு தடவையாவது க்ளிஃபோர்ட் ஸ்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுவார். 1995 பிப்ரவரியில் நியூஸ்வீக் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையை யாராவது எங்கிருந்தோ எடுத்துப் போடுவார்கள். இணையத்திலேயே புத்தகம் வாங்குவோம், பேப்பர் படிப்போம் என்கிறார்களே, நடக்கிற காரியமா? அதிலேயே விமான டிக்கெட் எடுக்கலாமாம், கடைகளெல்லாம் காணாமல் போய்விடுமாம். அப்படியென்றால் மொத்த இணையத்திலும் ஒரு மாதம் நடக்கிற வியாபாரத்தை எங்கள் ஊர்க் கடைகள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுகின்றனவே, அது எப்படி? இந்த மாதிரி கேட்டிருப்பார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "தீர்க்கதரிசி" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. ஸ்டால் ஒன்றும் கம்ப்யூட்டரைப் பார்த்து மிரண்ட ஆள் கிடையாது. வானியல் படித்தவர். 1986இல் பெர்க்லி ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறதே என்று நூல் பிடித்துக்கொண்டே போய், ஜெர்மனியில் உட்கார்ந்தபடி அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துகொண்டிருந்த ஒருவனைக் கண்டுபிடித்தவர். வலையின் சந்து பொந்தெல்லாம் அலைந்தவர்தான் அந்தக் கட்டுரையை எழுதினார். அதில் சிரிப்பவர்கள் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டிராஃபல்கர் போர் நடந்த தேதியைத் தேடுகிறார். நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. கால் மணி நேரம் துழாவியதில் கிடைத்தவை: எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிய வாழ்க்கை வரலாறு, ஓடாத விளையாட்டு, லண்டனில் உள்ள நினைவுச் சின்னத்தின் படம். கேட்டது கிடைக்கவில்லை. பிரித்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை என்கிறார்.

கடை விஷயத்தில் ஸ்டால் தோற்றார். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை என்ற புகார் தோற்றதாகத் தெரியவில்லை. காலையில் குடும்பக் குழுவில் வரும் மருத்துவக் குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே 1995 டிசம்பரில் இன்னொருவர். ராபர்ட் மெட்காஃப், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அடுத்த வருடத்துக்குள் நெரிசல் தாங்காமல் இணையம் சரிந்து விழும், இல்லாவிட்டால் எழுதியதைத் தின்றுவிடுகிறேன் என்றார். விழவில்லை. 1997இல் ஒரு மாநாட்டு மேடையில், எழுதிய காகிதத்தைத் தண்ணீரோடு மிக்ஸியில் போட்டு அடித்துக் கூட்டத்தின் முன்னால் சாப்பிட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய விதத்தில் எனக்கு அவரைப் பிடிக்கும். நம் ஊரில் ஆரூடம் சொன்னவர்கள் எதையும் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

மெட்காஃப் சந்தேகப்பட்டது கம்பியை. தாங்குமா, ஓடுமா என்பது அவர் கவலை. மதுரையில் அந்த நாளில் என் காதில் விழுந்த சந்தேகம் வேறு மாதிரி இருந்தது. இன்றுவரை என்னை விடாததும் அதுதான்.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அங்கேதான் நான் லோயர் (தட்டச்சில் முதல் நிலை, அடுத்தது ஹையர்) படித்தேன். நடத்தியவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் யாரும் சொல்ல மாட்டோம். சார், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கே மிஷின்கள் தடதடக்க ஆரம்பிக்கும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். கீயைப் பார்த்து அடித்தால் ஸ்கேல் வரும். தமிழும் இங்கிலீஷும் இரண்டுமே சொல்லிக்கொடுப்பார். தமிழ் மிஷினில் கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனிக் கீ என்பதால், தமிழில் ஹையர் முடித்தவன் எந்த வேலைக்கும் பொறுமை உள்ளவன் என்பது அவர் கட்சி.

1999 வாக்கில் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு பிரவுசிங் சென்டர் வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, செருப்பை வெளியே விடவும் என்ற போர்டு, உள்ளே பிளைவுட் தடுப்புகள். ஒரு மணி நேரத்துக்கு அறுபது ரூபாய். மாடியில் சாருக்குக் கொடுத்த மாதச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். படிகளில் ஏற வேண்டிய பிள்ளைகள் பாதிப் பேர் கீழேயே நின்றுவிட்டார்கள். என்னதான் இருக்கிறது என்று பார்க்க சாரே ஒரு நாள் இறங்கி வந்தார். நானும் கூடப் போனேன்.

மோடம் ஒரு மூச்சுக் கத்தித் தீர்த்தது. யாஹூ மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. சென்டரைப் பார்த்துக்கொண்ட பையனுக்கு சாரிடம் மரியாதை உண்டு. அவனும் மாடியில் படித்தவன். எடுத்த எடுப்பில் சாட்டைக் காட்டினான். திரையில் யாரோ ஏ.எஸ்.எல். என்று கேட்டிருந்தார்கள்.

"அப்படின்னா என்னப்பா?"

"வயசு என்ன, ஆணா பொண்ணா, எந்த ஊருன்னு கேக்குறாரு சார். அமெரிக்கால இருந்து பேசுறாரு."

"அமெரிக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரே சொல்லிருக்காரே சார்."

"சரி. நீ என்ன சொன்ன?"

பையன் நெளிந்தான். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். சுவேதா, 19, சென்னை என்று அடித்திருந்தது.

"ஏம்ப்பா சுவேதா, அப்ப அங்கிட்டு யாரு இருக்கா?"

அந்த வாரம் முழுக்க பையனை எல்லோரும் சுவேதா என்றே கூப்பிட்டார்கள். ஆனால் சார் கேட்டது விளையாட்டுக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு இணையம் பற்றி யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து அதே கேள்விதான் வரும். மதுரையில் வேலை வாய்ப்புக் கொட்டப் போகிறது என்பார்கள். அங்கிட்டு யாரு இருக்கா? வீட்டிலிருந்தே சர்ட்டிபிகேட் வாங்கிவிடலாம் என்பார்கள். அங்கிட்டு யாரு இருக்கா? பழமை பேசுகிறார், தொழில் போகிற எரிச்சல் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எரிச்சலும் இருந்தது, இல்லாமல் இருக்குமா?

அன்றைய காற்று எப்படி வீசியது என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசின் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மறு வருடம் பிப்ரவரியில் ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர் டாவோஸில் உட்கார்ந்துகொண்டு, அரசாங்கங்களே, இங்கே உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சைபர்வெளிக்குச் சுதந்திரப் பிரகடனமே எழுதிவிட்டார். 1997 கடைசியில் சபீர் பாட்டியாவின் ஹாட்மெயில் என்ற மின்னஞ்சல் சேவையை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1999 நவம்பரில் இந்தியாவேர்ல்டு என்ற இணையதளத் தொகுப்பை சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது. டவுன்ஹால் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு 499 கோடி என்றால் எத்தனை சைபர் என்பதிலேயே சண்டை வந்தது. மதில் மதிலாக கம்ப்யூட்டர் கோர்ஸ் விளம்பரம். நேற்று வரை கோபால் சொல்லிக்கொடுத்தவர்கள் இன்று இ-காமர்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். (கோபால் என்றால் கோபால்தான், கோபாலன் இல்லை. வங்கிக் கணக்கெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் மொழியில்தான் ஓடியது.) 2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் உச்சிக்குப் போய் அப்படியே சறுக்க ஆரம்பித்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் அந்த மதில்களில் வேறு விளம்பரம் எழுதிவிட்டார்கள்.

கோர்ஸ் முடித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமே. அந்தப் பள்ளத்தில்தான் டேட்டா என்ட்ரி வந்து விழுந்தது. வீட்டிலிருந்தபடியே மாதம் பதினைந்தாயிரம், அமெரிக்கன் ப்ராஜெக்ட், டெபாசிட் மட்டும் கட்டினால் போதும்.

திருமங்கலத்தில் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், எட்டாயிரம் ரூபாய் கட்டினார். கம்பெனிக்காரர்கள் ஒரு சிடி கொடுத்தார்கள். அதில் பக்கம் பக்கமாக ஏதோ பழைய இங்கிலீஷ் புத்தகத்தை ஸ்கேன் செய்த படங்கள். எழுத்து கலங்கித் தெரியும். அதைப் பார்த்து நோட்பேடில் அடித்து அனுப்ப வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருந்தால் பணம். குறைந்தால் ஒரு பைசா கிடையாது. அண்ணன் ராத்திரி பகலாக அடித்தார். மதினி வாசிக்க வாசிக்க இவர் அடிப்பார். ரிப்போர்ட் வரும்: தொண்ணூற்றேழு புள்ளி நாலு. மறுபடி அடிப்பார். தொண்ணூற்றேழு புள்ளி ஆறு.

அவரை சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சார் வாழ்நாளெல்லாம் தப்பை எண்ணியவர். அடித்த பக்கங்களையும் ஒரிஜினலையும் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரி வரியாக விரல் வைத்துப் போனார். ஒரு கமா தள்ளி நின்றால்கூட வட்டம் போட்டார். அண்ணன் பக்கத்தில் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பையன் மாதிரி நின்றார். எல்லாம் முடித்து, ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொன்பதுக்கு மேல வருது. நீ ஹையர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்திருப்பப்பா," என்றார். அப்புறம் அக்ரிமென்ட்டை வாங்கிப் படித்தார். ஸ்டாம்பு பேப்பரில் பக்காவாக இருந்தது.

"இந்தத் தப்பை எண்ணுறவன் யாரு? அவனைப் பாத்தியா? ஆபீஸ் எங்க இருக்கு?"

சென்னை அட்ரஸ் போட்டிருந்தது. அண்ணன் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் பார்த்தார். அந்த நம்பரில் மெத்தைக் கடை இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து, "நீங்க மொத ஆள் இல்ல தம்பி," என்றாராம். எட்டாயிரம் போனதுகூடப் பெரிதில்லை. என் கை சரியாக இல்லை என்று அந்த மனிதர் மாதக் கணக்கில் நம்பிக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இது ஏமாற்று. ஏமாற்றுக்காரனை வைத்து இணையத்தை எடைபோடக் கூடாது என்பீர்கள். சரி, நல்ல எண்ணத்தோடு, நல்ல மூளைகள் சேர்ந்து செய்த காரியத்தையே எடுத்துக்கொள்வோம். அதுவும் இங்கேதான் நடந்தது, மேலூரில்.

அந்தத் திட்டத்துக்குச் சாரி என்று பெயர், இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அப்படி வரும். 2001இல் தொடங்கியது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, அங்கிருந்து பிறந்த என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு என்று பெரிய பெரிய பெயர்கள். மேலூர் தாலுகாவின் கிராமங்களுக்குக் கம்பி இழுக்காமல் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணையம் கொடுத்தார்கள். நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள், அன்றைக்கு மதுரை டவுனுக்குள்ளேயே பல இடங்களில் அந்த வேகம் நிலையாகக் கிடைக்காது. கம்ப்யூட்டர், பிரிண்டர், பேட்டரி, வெப்கேமரா எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாய். உள்ளூர் ஆள் கடன் வாங்கிக் கடை போட வேண்டும். சில மையங்களை மதுரையின் தானம் அறக்கட்டளை பார்த்துக்கொண்டது.

மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இப்படி ஒரு மையத்தைப் பார்த்திருக்கிறேன். ஓட்டு வீட்டின் முன்னறை, மேசை விரிப்புக்கு மேலே கம்ப்யூட்டர், அதற்கு ஒரு துணிப் போர்வை, பக்கத்தில் ஊதுபத்தி. நடத்தியது பிளஸ் டூ முடித்த ஒரு பெண். பயிரில் நோய் என்றால் இலையைப் படமெடுத்து ஒத்தக்கடை விவசாயக் கல்லூரிக்கு அனுப்பலாம். கண்ணைப் படமெடுத்து அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனுவெல்லாம் தாலுகா ஆபீசுக்கு இங்கிருந்தே போகும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து மேலூருக்குப் போக வேண்டியதில்லை.

வேலை செய்ததா என்றால், செய்தது. மையம் வந்த ஊர்களில் சான்றிதழும் பென்ஷனும் கேட்பவர்கள் எண்ணிக்கை கூடியது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிலைக்கவில்லை. ஆர்வமாக இருந்த அதிகாரிக்கு மாறுதல் வந்தது. அடுத்து வந்தவருக்கு இதில் அக்கறை இல்லை. கீழே இருந்தவர்களுக்கு ஏற்கெனவே பிடிக்கவில்லை, ஆள் நேரில் வராவிட்டால் அவர்களுக்கு என்ன இருக்கிறது? மனு போய்ச் சேர்ந்தது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. அரசாங்க வேலை நின்றதும் மையத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கடன் வாங்கிப் போட்டவர்களுக்குக் கரண்ட் பில்லுக்கே கட்டவில்லை. 2005 வாக்கில் தனியார் நடத்திய மையங்களில் பெரும்பாலானவை மூடியாகிவிட்டது. அலைக்கற்றை, ஆண்டெனா, சர்க்யூட் எல்லாம் ஐஐடி சொன்னபடியே ஓடின. மெட்காஃப் வந்து பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

சார் இதையெல்லாம் பேப்பரில் படிப்பார். "மேலூர் வரைக்கும் ஒயர் இல்லாம கொண்டாந்துட்டாங்களே," என்று வியப்பார், உண்மையாகவே வியப்பார். பொறியியல்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. ரெமிங்டன் மிஷினைக் கழற்றி மாட்டுகிற கை அது. "தாசில்தார் ஆபீசுக்குள்ள கொண்டுபோக என்ன கண்டுபிடிச்சிருக்காங்க?" என்று அடுத்த கேள்வியும் கேட்பார்.

இதற்கு நேர் மாறாக ஒன்று. சாரி மையங்கள் மூடிக்கொண்டிருந்த அதே வருடங்களில், மேற்கே தேனியில் அரவிந்த் ஆஸ்பத்திரி வேறு விதமாக ஆரம்பித்தது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது, அதற்குள் உலகம் அறிந்த ஆஸ்பத்திரியாகியிருந்தது. போடி, பெரியகுளம் மாதிரி ஊர்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் ப்ரூவரின் குழு வந்து (ஸ்டால் இருந்த அதே பெர்க்லி ஊர்), சாதாரண வைஃபை கருவிகளையே மென்பொருளை மாற்றிப் பெரிய ஆண்டெனா போட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டிப் பேச வைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் இருப்பார். கண்ணைப் பரிசோதித்து விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். திரையில் தேனியிலிருந்து டாக்டர் வருவார், ஆத்தா எத்தனை நாளா இப்படி இருக்கு என்று கேட்பார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே முடிந்தது. ஆபரேஷன் என்றால் மட்டும் பஸ் ஏறினால் போதும். அது நின்றது, பெருகவும் செய்தது.

கருவியைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் தேனியில் திரைக்கு முன்னால் டாக்டர் உட்கார வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் டூட்டி லிஸ்டில் இருந்தது. அவர் மாறிப்போனால் இன்னொருவர் உட்காருவார். மேலூரில் அப்படி ஒரு லிஸ்ட் இல்லை. என் கணக்கில் மொத்த வித்தியாசமும் அந்த லிஸ்டில்தான் இருக்கிறது. தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலைவரிசைக்குக் கொடுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட டூட்டி லிஸ்டுக்குக் கொடுப்பதில்லை.

சாருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது, இதுல தமிழ் வருமா என்று. நியாயமான சந்தேகம். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட். இந்தப் பத்திரிகையின் ஃபான்டை இறக்கினால் அந்தப் பத்திரிகை தெரியாது. ஃபான்ட் இல்லாவிட்டால் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகளாகத் திரை முழுக்க நிற்கும். டிஸ்கி என்று ஒரு குறியேற்றம் (எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்கு எண்ணாக்கிக் கொடுக்கும் முறை), 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று வேறு இரண்டு. விசைப்பலகையும் பழைய தட்டச்சு, தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று மூன்று கட்சி. சாரைப் பொறுத்தவரை பழைய தட்டச்சைத் தொட்டவன் மன்னிக்கப்பட மாட்டான். எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) அரசாங்கம் வருவதற்கு 2010, கோவை செம்மொழி மாநாடு வரை ஆனது.

ஆனால் இங்கேதான் சாரே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சங்கம் வைத்த ஊர் என்பதால் பெயர் மதுரை, மற்றபடி அதை ஒருங்கிணைத்த கு. கல்யாணசுந்தரம் இருந்தது ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில். வேதியியல் விஞ்ஞானி. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையில் வைப்பது வேலை. முதலில் திருக்குறள். சம்பளம் கிடையாது. ஒரு நாட்டில் ஒருவர் அடிப்பார், இன்னொரு நாட்டில் இன்னொருவர் பிழை பார்ப்பார். 499 கோடிக்கு விலைபோனது அது இல்லை. கோடீஸ்வரன் ஆகலாம் என்று எந்த மதிலிலும் எழுதிப் போடவில்லை. இன்றைக்கும் நான் ஒரு பழம்பாட்டைத் தேடினால் போய் நிற்பது அங்கேதான்.

2002இலோ 2003இலோ அதைச் சாருக்குக் காட்டினேன். வழக்கமான கேள்வி வந்தது. நூலின் தலைப்பிலேயே எழுதியிருந்தது: தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார். சார் அந்தப் பெயர்களைத்தான் முதலில் படித்தார். பிறகு பாட்டுக்குள் இறங்கி, கொஞ்ச நேரத்தில் சந்திப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல, நான் மெயில் அனுப்பினேன். பதில் வந்ததா என்று ஒரு வாரம் தினமும் கேட்டார். வந்தது. நன்றி, திருத்திவிடுகிறோம் என்று. அதற்கப்புறம் மாடிப் படியில் இணையத்தைப் பற்றி யாராவது தரக்குறைவாகப் பேசினால், "எல்லாத்தையும் அப்படிச் சொல்லாத," என்று ஆரம்பித்துவிட்டார்.

ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்ற வாக்குறுதி என்னவாயிற்று என்றும் சிலர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பார்க்கட்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆம்னி பஸ் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியாது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பார்க் வந்தது. 2021இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது வடபழஞ்சியில் ஐநூறு படுக்கை போட்டு கோவிட் மையம் ஆக்கினார்கள். அவ்வளவு இடம் காலியாக இருந்தது என்பதை நான் சொல்லவில்லை, படுக்கைகள் சொல்லின. அதே சமயம் மதுரை வீட்டு மாடிகளில் ஐடி பிள்ளைகள் லேப்டாப்போடு உட்கார்ந்து எந்தக் குறையும் இல்லாமல் வேலை பார்த்தார்கள். பிறகு ஆபீசுக்கு வாங்க என்று மெயில் வந்தது, பஸ் ஏறினார்கள். தூரத்தை எதுவும் தடுக்கவில்லை, மேனேஜருக்குத்தான் பக்கத்தில் இருந்தால் திருப்தி.

ரயில் டிக்கெட்டில் ஸ்டால் தோற்றதை நான் மறைக்கவில்லை. 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் முன்பதிவு தொடங்கியபோது டிக்கெட் கூரியரில் வந்தது. அதற்கு முன்னால் தீபாவளி டிக்கெட்டுக்கு ஜங்ஷனில் விடியற்காலமே துண்டைப் போட்டு இடம் பிடித்திருக்கிறோம். துண்டுக்கு விடுதலை கிடைத்தது உண்மை. காலை பத்து மணிக்குத் தட்கலில் சக்கரம் சுற்றுவதை வெறித்துப் பார்க்கிறவர்கள்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

சாருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்ஸ்டிட்யூட்டை மகள் பார்த்துக்கொள்கிறார். கீழ்த்தளத்து பிரவுசிங் சென்டர் செல்போன் ரீசார்ஜ் கடையாகி, கவரிங் கடையாகி, இப்போது மோமோஸ் கடை. மாடியில் மிஷின் இன்னும் தடதடக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் தட்டச்சர் வேலைக்கு லோயரும் ஹையரும் கேட்கிறார்களே, போகும் வரை போகும். இதில் யார் ஜெயித்தார் என்று நான் தீர்ப்பெழுத வரவில்லை. தேர்வாணையம் விதியை மாற்றினால் மறு மாதமே பூட்டு விழும் என்பது மகளுக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் கொட்டாம்பட்டிச் சித்திக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டது. மேலூர் தாலுகாதான். இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபது ரூபாய். ஆதார், ஸ்மார்ட் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, செல்லுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கி, அந்தப் பெண் பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டது. மேலூர் மையங்களில் 2001இல் கண்ட கனவு இதுதான், ஏறக்குறைய வரி மாறாமல். இப்போது தமிழ்நாடு முழுக்க நடக்கிறது, சான்றிதழும் கிடைக்கிறது, அதைக் குறை சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன்.

ஒரு வாரம் கழித்தும் வரவில்லை. மறுபடி போனோம். அந்தப் பெண் நம்பரைப் போட்டுப் பார்த்தது.

"விஏஓ முடிச்சிட்டாருங்க. ஆர்ஐ லாகின்ல நிக்குது."

சித்திக்குப் புரியவில்லை. "எங்க நிக்குதாம்?"

"ஆர்ஐ, அதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர்கிட்ட இருக்கு சித்தி. அவர் பாத்து அனுப்பணும்."

"அவரு இருக்காராமா?"

"லீவுல இருக்காருன்னு சொன்னாங்க, இன்னைக்கு வந்திருப்பாரு," என்றது அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேர்ல ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்துருங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

சித்தி ஏற்கெனவே பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆர்ஐ ஆபீசுக்கு எந்தப் பஸ் போகும் என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.